மாமியாருக்குத் தயிர்சாதம், கொழுந்தனுக்கு பைக்: ஒரே வேனில் வியட்நாம் போக முடியுமா?

கேள்வி: பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு வியட்நாம் போகலாம் என்று இருக்கிறோம். ஆறு பேர், ஏழு இரவு. மாமனாருக்கு 68 வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஹனோய், ஹாலோங் விரிகுடா, ஹுவே, ஹோய் ஆன், சைகோன், மீகாங் ஆறு என்று நோட்டில் வரிசையாக எழுதிவைத்திருக்கிறார், ஒன்றையும் விடக்கூடாதாம். மாமியாருக்கு 64. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. ராத்திரி ஒரு கை தயிர்சாதம் இல்லாமல் தூக்கம் வராது. "பாம்பும் தவளையும் திங்கிற ஊருக்கு என்னை எதுக்குக் கூப்பிடறீங்க" என்கிறார். கணவர், பேக்கேஜில் போய்விட்டால் தலைவலி இல்லை என்கிறார். கொழுந்தனுக்கு 27 வயது. "பேக்கேஜ்ல போறதுக்கு யூடியூப்லயே பாத்துக்கலாம்" என்று சண்டை. பைக் வாடகைக்கு எடுத்து மலைப்பாதையில் ஓட்டவேண்டுமாம். மகளுக்கு 11 வயது. கொழுந்தனைத் தவிர யாரும் வெளிநாடு போனதில்லை. எங்களுக்கு எந்த மாதிரிப் பயணம் சரிப்படும்? மாமியாரைக் கூட்டிப்போவது தப்பா? ஊறுகாய் கொண்டுபோகலாமா?
(ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி, பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பயண ஆலோசகர் பதில்:

தாராளமாகக் கூட்டிப்போங்கள். இந்த ஆறு பேரில் எனக்குக் குறைவாகக் கவலை தருபவர் உங்கள் மாமியார்தான். தனக்கு என்ன வேண்டும் என்பதை அளவோடு சொல்லிவிட்டார்: ஒரு கை தயிர்சாதம். அதற்கு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். எனக்குக் கவலை மாமனாரின் நோட்டும் கொழுந்தனின் பைக்கும்தான்.

பயணிகளை வகை பிரிப்பது ஐம்பது வருடத்துக்கு மேலாக நடக்கிற வேலை. எரிக் கோஹன் என்ற சமூகவியலாளர் 1972-ல் நான்கு வகை சொன்னார். எல்லா ஏற்பாடும் பிறர் செய்ய, கூட்டத்தோடு போகிறவர். தனியாகப் போனாலும் ஏஜென்ட் போட்டுக்கொடுத்த பாதையை விட்டு விலகாதவர். தானே வழி தேடிப்போனாலும் ராத்திரிக்கு நல்ல படுக்கை வேண்டும் என்பவர். போன ஊரோடு ஊராகக் கரைந்துபோகிறவர். முதல் இரண்டு வகையினரும் தங்கள் வீட்டுச் சூழலை ஒரு குமிழி மாதிரி கூடவே கொண்டுபோய், அதற்குள் இருந்தபடி வெளியே பார்க்கிறார்கள் என்பது அவர் கணக்கு. ஸ்டான்லி பிளாக் என்பவர், கையில் காசு இருந்தும் விமானம் ஏறாதவர்கள் ஏன் ஏறுவதில்லை என்று ஆராயப்போய், பழகியதையே நாடுகிறவர் ஒரு முனை, புதியதை நாடுகிறவர் மறு முனை, பெரும்பாலோர் நடுவில் என்று 1974-ல் எழுதினார்.

டிக்கெட் விற்பவர்களுக்கு இது உதவும். ஒரு குடும்பத்தை ஒரே வேனில் ஏற்ற உதவாது. காரணம், துணிச்சல் என்பது ஆளுக்கு ஒன்றாக இருப்பதில்லை. விஷயத்துக்கு விஷயம் மாறும். எதையும் வாயில் வைத்துப் பார்க்கிறவர் வேறொருவர் மூச்சு கேட்கும் அறையில் தூங்கமாட்டார். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தெரியாத தெருவில் நடக்கிறவருக்கு, காலையில் கழிப்பறை சரியாக இல்லையென்றால் அன்றைய நாளே போயிற்று. சாப்பாடு, தூக்கம், கழிப்பறை, "வழி தவறினால் எப்படித் திரும்புவது" என்கிற பயம்: இந்த நான்கில் யாருக்கு எது விட்டுக்கொடுக்க முடியாதது என்று தெரிந்தால் போதும். டிக்கெட் எடுக்கும் முன் ஆறு பேரையும் ஆளுக்கொரு காகிதத்தில், அன்றாடம் இல்லாமல் முடியாது என்று நினைக்கும் மூன்றை எழுதச் சொல்லுங்கள். பார்க்கவேண்டிய இடங்களை எழுதவேண்டாம். அது மாமனாரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அந்த நோட்டைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் வீட்டில் பேக்கேஜ் கேட்கிறவர் கணவர் ஒருவர்தான் என்று நினைக்கிறீர்கள். மாமனாரின் நோட்டும் ஒரு பேக்கேஜ்தான். பெயர் தெரிந்த இடத்துக்கு மட்டும் போவது, போனதும் டிக் அடிப்பது; தெரியாத ஊரில் கால் ஊன்ற அவருக்கு அது ஒரு பிடி. கணவர் கேட்பது வேறு. ஏதாவது தப்பாகிவிட்டால் ஐந்து பேரும் தன் முகத்தைப் பார்ப்பார்களே என்ற பயம். அவருக்குத் தேவை, முடிவெடுக்கும் பாரம் குறைவது. நாற்பது பேர் பஸ் அதற்கு ஒரு வழி. ஒரே வழி இல்லை.

பஸ் பேக்கேஜில் ராத்திரி ஏழு மணிக்கு இந்தியச் சாப்பாடு கட்டாயம் கிடைக்கும். அது நல்லது. ஆனால் காலை ஆறரைக்குப் பெட்டியைக் கட்டி வாசலில் வைக்கவேண்டும். வழியில் முத்துக் கடை, பட்டுக் கடை என்று நிறுத்துவார்கள். ஏழு இரவில் நான்கு ஓட்டல் மாறும். 68 வயதுக்கும் 11 வயதுக்கும் இந்த வேகம் ஒத்துவராது. எனவே துண்டு துண்டாக வாங்குங்கள்: விமானம், இரண்டே ஊரில் ஓட்டல், விமான நிலையத்திலிருந்து வண்டி, ஓட்டுநரோடு இரண்டு பகல் பயணம். இவை ஊரிலேயே பணம் கட்டி முடிந்திருக்கட்டும், கணவர் நிம்மதிக்கு. சாயங்காலங்களை யாருக்கும் விற்காதீர்கள்.

வண்டி பேசும்போது 16 இருக்கை வேன் என்று கேளுங்கள். ஏழு இருக்கை வண்டியில் ஆறு பேர் உட்காரலாம், ஆறு பெட்டி ஏறாது. விமான நிலைய வாசலில் நின்றுகொண்டு இரண்டாவது வண்டி தேடுவதுதான் பல குடும்பங்களின் முதல் சண்டை.

இரண்டே ஊர்

நோட்டில் இருப்பதை ஏழு இரவில் பார்க்க முடியாது. ஹனோயிலிருந்து சைகோன் விமானத்திலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல். இதற்கு நடுவில் ஹுவே, ஹோய் ஆன் என்றால் மூன்று உள்நாட்டு விமானம், இல்லையென்றால் ராத்திரி ரயில். பாதிப் பயணம் பெட்டி கட்டுவதில் போய்விடும்.

வடக்கை இந்த முறை விடுங்கள். ஜனவரியில் ஹனோய் நம் ஆட்களுக்கு நன்றாகவே குளிரும். 14, 15 டிகிரி, மேலே தூறல், பல வீடுகளிலும் கடைகளிலும் சூடேற்றும் வசதி கிடையாது. ஹாலோங் விரிகுடா அந்த மாதத்தில் பல நாள் மூடுபனியில் இருக்கும். காற்று பலமானால் துறைமுகத்திலேயே படகை நிறுத்திவிடுவார்கள். ஹாலோங்கில் எடுக்கும் அந்த ஒரே புகைப்படத்துக்காக எல்லாரும் வடக்கே ஓடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதல் இரண்டு இரவு சைகோன் (அரசுப் பெயர் ஹோ சி மின் நகரம்), அடுத்த நான்கு இரவு ஹோய் ஆன், கடைசி இரவு மறுபடி சைகோன். ஜனவரியில் சைகோன் மழையில்லாமல், நம் ஊர் மாசி மாத வெயில் மாதிரி இருக்கும். சைகோனிலிருந்து ஹோய் ஆனுக்கு டா நாங் வழியாகப் போகவேண்டும்: விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள், அங்கிருந்து சாலையில் 30 கிலோமீட்டர். மத்திய வியட்நாமின் பெருமழையும் வெள்ளமும் பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில். பொங்கல் சமயத்தில் குடை தேவைப்படும் அளவுக்குத் தூறல் இருக்கலாம். அவர்களின் புத்தாண்டான டெட் ஜனவரி 21-க்கு முன் வராது. டெட் நாட்களில் கடைகள் பல அடைத்துக்கிடக்கும், டிக்கெட்டும் கிடைக்காது. பொங்கல் விடுமுறை அதற்கு முன்பே முடிந்துவிடுவது உங்கள் அதிர்ஷ்டம்.

உள்நாட்டு விமானத்தில் குறைந்த கட்டண டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் கைப்பை 7 கிலோ மட்டும்தான். பெட்டிக்கான எடையை டிக்கெட்டோடு சேர்த்தே வாங்குங்கள். விமான நிலையத்தில் வாங்கினால் கூடுதல் கட்டணம்.

முதல் நாள் காலை

வியட்நாம் விமானங்கள் பல நம் ஊரிலிருந்து ராத்திரி கிளம்பி விடிகாலையில் இறங்கும். கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். ஓட்டலில் அறை தருவது மதியம் இரண்டு மணிக்கு. ஆக, தூங்காத ஆறு பேர், குளிக்காமல், ஏழு மணி நேரம் தெருவில். "நான் அப்பவே சொன்னேன்" என்கிற வசனம் பிறப்பது இந்த ஏழு மணி நேரத்தில்தான். ஊரின் மேல் வரும் வெறுப்பில் பாதி, தூக்கமின்மையின் மேல் வரவேண்டியது.

மூன்று அறைக்கும் கூடுதல் வாடகை வேண்டாம். ஒரே ஒரு அறையை மட்டும் முந்தின இரவிலிருந்து பதிவு செய்யுங்கள். "மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் வருவோம்" என்று ஓட்டலுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் ராத்திரி வரவில்லை என்று பதிவையே ரத்து செய்துவிடக்கூடும். பெரியவர்கள் இருவரும் மகளும் அங்கே படுக்கட்டும், மற்றவர்கள் முறைவைத்துக் குளிக்கட்டும். அன்றைக்குப் பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று: சாயங்காலம் பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், துருவோங் டின் தெருவில் இருக்கிற மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே பிழைக்கப்போன தமிழர்கள் கட்டியது. இன்றைக்கு ஊதுபத்தியோடு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும். "பாம்பு திங்கிற ஊர்" என்ற பேச்சுக்கு உங்கள் மாமியார் அங்கேயே ஒரு திருத்தம் போட்டுக்கொள்வார். கடை வாசல்களில் பழத்தட்டும் ஊதுபத்தியும் வைத்த சின்ன மாடம் இருப்பதையும் காட்டுங்கள்; தினமும் விளக்கேற்றுகிறவருக்கு அது புரியாத விஷயமில்லை.

ஓட்டல் பதியும்போது இரண்டு கேள்வி: லிஃப்ட் உண்டா, அறைக்கு ஜன்னல் உண்டா? அங்கே பழைய கட்டடங்கள் அகலம் குறைந்து உள்ளே நீளமாகப் போகும். விலை குறைந்த அறைகள் பலவற்றில் ஜன்னலே இருக்காது, அல்லது உள்சுவரைப் பார்த்து இருக்கும். மகளுக்கு 11 வயது என்பதைப் பிறந்த தேதியோடு சொல்லுங்கள். பல ஓட்டல்களில் 6 முதல் 11 வரை ஒரு கட்டணம், 12 ஆனால் பெரியவர் கணக்கு. கழிப்பறை பற்றி யாருக்காவது கவலை இருந்தால் விடச் சொல்லுங்கள். தண்ணீர் பீய்ச்சும் ஹெல்த் ஃபாசெட் அங்கே சர்வ சாதாரணம்.

தயிர்சாதம்

வியட்நாமில் பல தெருவோரச் சாப்பாட்டுக் கடைகளில் வெறும் வெள்ளைச் சாதம் கிடைக்கும். கொம் ட்ராங் என்பார்கள். பொட்டலமாகக் கட்டித் தருவார்கள். தயிர் எல்லாப் பெட்டிக்கடை மாதிரியான மினி மார்ட்டிலும் 100 கிராம் கப்பில் இருக்கும். வினை இங்கேதான்: சாதாரணமாக எடுத்தால் சர்க்கரை போட்டது. முதல் ராத்திரி தயிர்சாதம் இனித்தால் அத்தை அதற்குப் பிறகு எதையும் நம்பமாட்டார். "கோங் டுவோங்" என்றால் சர்க்கரை இல்லாதது. அந்த எழுத்து உள்ள கப்பைத் தேடுங்கள், போனில் படம் வைத்துக்கொண்டு கடையில் காட்டுங்கள். ஒரு ஆளுக்கு இரண்டு கப். சாதம் கொஞ்சம் ஒட்டும் தன்மை உள்ளது என்பதால் நன்றாகவே குழையும். உப்பும் ஊறுகாயும் உங்களிடம் இருக்கும். அறையில் மின்சாரக் கெட்டில் இருக்கும் என்பதால் அவல் உப்புமா, புளியோதரை மாதிரிக் கடையில் கிடைக்கும் உடனடிப் பொட்டலங்கள் பத்து எடுத்துப்போனால் அவசரத்துக்கு ஆயிற்று. குக்கர், அடுப்பு எதுவும் வேண்டாம். அறையில் சமைக்க விடமாட்டார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு ஒரே ஒரு சொல் போதும்: சாய். நம் தேநீர் இல்லை. அங்கே அதற்குப் பௌத்த சைவச் சாப்பாடு என்று பொருள். பெயர்ப்பலகையில் அந்தச் சொல் உள்ள கடையில் மீன், இறைச்சி கிடையாது, பெரும்பாலும் முட்டையும் இருக்காது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் சைவம் சாப்பிடுகிற வழக்கம் அவர்களுக்கும் உண்டு. நம் பஞ்சாங்கத்துக்கு ஒரு நாள் முன்பின் வரலாம். அன்றைக்குச் சைவக் கடைகளில் கூட்டம் நெரியும், பன்னிரண்டுக்கு முன் போய்விடுங்கள்.

சாய் கடையில் ஒரு எச்சரிக்கை. சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் கோழிக்கால், மீன், இறால் மாதிரியே செய்து வைத்திருப்பார்கள். தட்டைப் பார்த்ததும் அத்தை எழுந்துவிடுவார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள், அல்லது காய்கறியாகத் தெரிகிறதை மட்டும் வாங்குங்கள்.

சாய் என்று எழுதாத கடையில், "காய்கறி மட்டும்" என்று கேட்டு வாங்கினாலும் அது சைவமில்லை. கீரை வதக்கலில்கூட நுவோக் மாம் என்கிற மீன் சாறு விழும். நம் சமையலில் பெருங்காயம் மாதிரி கை தானாகப் போய்விடும். ஃபா என்கிற நூடுல்ஸ் சூப்பில் மேலே காய்கறி மிதந்தாலும் அடியில் இருப்பது மாட்டெலும்பு வேகவைத்த நீர். வாயால் சொல்லிப் புரியவைக்க முயலவேண்டாம். அந்த மொழியில் ராகம் மாறினால் சொல்லே வேறாகிவிடும். "நான் பௌத்த சைவம், மீன் சாறு, முட்டை, எலும்பு நீர் வேண்டாம்" என்பதை அவர்கள் எழுத்தில் ஓட்டல் வரவேற்பில் எழுதி வாங்கி, நான்கு போனிலும் படமாக வையுங்கள்.

அத்தைக்குப் பிடிக்கப்போவது பூன் என்கிற அரிசி சேவை. நம் இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. பான் செயோ என்று ஒன்று, அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து மொறுமொறுவென ஊற்றும் தோசை. வழக்கமாக உள்ளே இறாலும் பன்றியும் வைப்பார்கள், எனவே சாய் கடையில் மட்டும். மாமனாருக்குக் காபி. சின்ன அலுமினிய ஃபில்டரில் சொட்டுச்சொட்டாக இறங்கும் டிகாக்‌ஷன், அடியில் இனிப்புக் கெட்டிப்பால். சர்க்கரை நோய் இருந்தால் கெட்டிப்பால் வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும். தெருவோரக் கடைகளின் பிளாஸ்டிக் முக்காலி முழங்கால் உயரம்கூட இருக்காது. மூட்டுவலிக்காரர்கள் உட்கார்ந்தால் எழ ஆள் வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக ஒரு விதி: ராத்திரிச் சாப்பாடு எங்கே என்பது காலை உணவின்போதே முடிவாகிவிடவேண்டும். ஏழரை மணிக்கு, ஆறு பேர் பசியோடு, நடைபாதையில் நின்று, போனில் கடை தேடக்கூடாது.

ஒரு நாளைக்கு ஒரு புதுசு

பழகாத ஊரில் எல்லாமே வேலை வாங்கும். தெருவைக் கடப்பது, ரூபாய்க்கு மாற்றிப் பார்ப்பது, படிக்கத் தெரியாத பலகை. மூன்றாம் நாள், நான்காம் நாளில் ஒருவர் முகம் சுருங்கும். அது பெரும்பாலும் முதல் நாள் குதித்தவராக இருப்பார். அதனால் ஒரு நாளைக்குப் பெரிய புதுசு ஒன்றுதான். பழகிய காலை உணவுக்குப் பின் எட்டு மணிக்குக் கிளம்பி, ஒரு மணிக்குள் திரும்பி, நான்கு வரை அறை. நான்குக்கு மேல் இரண்டாகப் பிரியுங்கள், ஒன்பது மணிக்கு ஓட்டலில் சந்திப்பு. பிரிவதைக் குற்றமாக நினைக்கவேண்டாம். ஆறு பேரும் ஏழு நாளும் ஒன்றாகவே நடந்தால் எல்லாரும் மெதுவானவரின் வேகத்தில் நடந்து, அவர் மேலேயே எரிச்சல்படுவார்கள். ஆளுக்கொரு ஓட்டல் அட்டை பையில். பெரியவர்கள் போனிலும் இணையம் வேலை செய்யட்டும். வண்டி கூப்பிட, நம் ஓலா மாதிரி, கிராப் என்ற செயலி; அதில் ரொக்கமாகவும் கட்டலாம்.

ஹோய் ஆனில் முதல் மாலை தையல்காரரிடம் அளவு கொடுங்கள். 24 மணி நேரத்தில் தைத்துத் தருவதாகச் சொல்வார்கள். ஒருமுறை போட்டுப் பார்த்துத் திருத்த இன்னொரு நாள் வேண்டும், அதனால்தான் முதல் மாலையே. நம் ரவிக்கை வெட்டு அவர்களுக்குப் பழக்கமில்லை, மாதிரி ஒன்று கொடுப்பது நல்லது. பழைய நகரின் தெருக்களில் பகலிலும் மாலையிலும் பல மணி நேரம் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை. பெரியவர்கள் தனியாகவே நடக்கலாம்.

இரண்டாம் நாள் மீ சோன். ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர். மாமனார் நோட்டில் இது இல்லை. அவருக்கு நீங்கள் தரவேண்டிய பரிசு இதுதான். அந்தக் காலத்தில் மத்திய வியட்நாமை ஆண்ட சம்பா அரசர்கள் 4-ஆம் நூற்றாண்டிலிருந்து 13-ஆம் நூற்றாண்டு வரை செங்கல்லில் எழுப்பிய சிவன் கோயில்கள். பத்ரவர்மன் என்ற அரசன் தன் பெயரையும் சேர்த்து பத்ரேஸ்வரர் என்று லிங்கத்துக்குப் பெயர் வைத்தான். சமஸ்கிருதக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் சிதைந்தது. நம் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது 2020-ல் ஒரே கல்லாலான லிங்கம் ஒன்று வெளிப்பட்டது. ஹாலோங் போகாத வருத்தத்தை ஒரு தலைமையாசிரியருக்கு இது ஆற்றிவிடும். ஏழரைக்குக் கிளம்புங்கள், பத்து மணிக்குப் பஸ் கூட்டம் இறங்கும்.

மூன்றாம் நாள் எதுவும் வேண்டாம். துணி துவைக்கக் கொடுங்கள், தூங்குங்கள். மழை பெய்து வேறு நாள் கெட்டால் அதை இங்கே நகர்த்தலாம்.

நான்காம் நாள் கொழுந்தனுக்கு. ஹாய் வான் கணவாய், சுமார் 20 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒரு பக்கம் கடல். அவர் பைக் ஓட்டவேண்டாம், பின்னால் உட்காரட்டும். அந்த நாட்டில் செல்லுபடியாகும் உரிமம் கையில் இல்லாமல் 50 சிசிக்கு மேல் வண்டி ஓட்டி விழுந்தால், பயணக் காப்பீடு ஒரு பைசா தராது. வாடகைக் கடைக்காரர் உரிமம் கேட்கவில்லை என்பது சட்டத்திலும் காப்பீட்டிலும் கணக்கில்லை. உரிமம் உள்ள உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகும் ஏற்பாடு அங்கே சகஜம். நீங்கள் மற்ற ஐந்து பேரும் வேனில் அதே பாதையில் போய், மேலே பழைய கோட்டை வாசலில் அவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். சுரங்கப்பாதை வழியாகப் போய்விடாமல் கணவாய் வழிதான் வேண்டும் என்று வேன் ஓட்டுநரிடம் முதல் நாளே சொல்லவேண்டும். அன்றைக்கு மலை முழுக்க மேகம் இருக்கும் என்று வானிலை அறிக்கை சொன்னால் மூன்றாம் நாளோடு முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் டா நாங்கில் சம்பா சிற்ப அருங்காட்சியகம், 1919-ல் திறந்தது. மீ சோன் பார்த்தபின் அதைப் பார்ப்பதுதான் முறை.

தெரு கடக்கிற விஷயத்தில் கொழுந்தனையும் நம்பாதீர்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். நம் கழுத்து பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பிப் பார்க்கும். வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். பைக் கூட்டத்துக்குள் ஒரே சீரான நடையில் போனால் அவர்கள் விலகிப் போவார்கள். நடுவில் நிற்பதும் பின்னுக்கு ஒரு அடி வைப்பதும்தான் ஆபத்து. காரும் பஸ்ஸும் விலகாது, அவை போனபின் இறங்குங்கள்.

பணப் பொறுப்பை மகளிடம் கொடுங்கள். ரூபாய் ஒன்றுக்கு ஏறக்குறைய 300 டோங், நாள்தோறும் கொஞ்சம் அசையும். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் நீல நிறம். இரவு வெளிச்சத்தில் பெரியவர்கள் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். 5,00,000 நோட்டுகளைத் தனிக் கவரில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கடையில் "ஐம்பது" என்றால் ஐம்பதாயிரம்.

விசாவை அந்நாட்டு அரசின் இ-விசா தளத்திலேயே போடுங்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை. அதே தோற்றத்தில் தனியார் தளங்கள் கூடுதலாக வாங்கும். பயணத்துக்கு மூன்று வாரம் முன் விண்ணப்பிப்பது போதும். நம் ஆட்களுக்கு அடிக்கடி உதைப்பது பெயர்தான். இனிஷியலை விரித்து எழுதியது, குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பது, கணவரின் பெயர் கடைசியில் ஒட்டியது. ஆறு பாஸ்போர்ட்டையும் வரிசையாக வைத்து, படம் உள்ள பக்கத்தின் அடியில் உள்ள இரண்டு வரியில் எப்படி இருக்கிறதோ அப்படியே விசாவிலும் டிக்கெட்டிலும் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் டிக்கெட்டில் எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்திடம் கேட்டபின் பணம் கட்டுங்கள். பிழையோடு வந்த விசாவுக்குக் கட்டணம் திரும்பாது, மறுபடி புதிதாகத்தான் போடவேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. ஆறு பேர் என்று எழுதி ஐந்து பேரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன பார்க்கவேண்டும் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. மேலே சொன்ன காகிதத்தில் முதலில் உங்களுடையதை நிரப்புங்கள். தயிர் வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில் தானாக வந்து விழும் என்பதால் சொல்கிறேன்: சர்க்கரையில்லாத கப்பைத் தேடிப்பிடித்துத் தினமும் சாயங்காலம் கொண்டுவருவது கொழுந்தனின் வேலை. தெருவில் தனியாக அலைய ஆசைப்பட்டவர் அவர்தானே. கடைசி நாள் சைகோனில் மாமனாரையும் கணவரையும் போர்க்காலத்தில் பதுங்குவதற்குத் தோண்டிய கு சி சுரங்கத்துக்கு அரைநாள் அனுப்பிவிட்டு (மாமனார் மேலே நின்று பார்க்கட்டும், உள்ளே குனிந்து தவழவேண்டியிருக்கும்) அந்த நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஊறுகாய் கைப்பையில் வேண்டாம். எண்ணெய் மிதக்கிற எதையும் திரவம் என்று 100 மில்லிக் கணக்கில் எடுத்துவைத்துவிடுவார்கள். பெட்டியில் போடுங்கள். கண்ணாடி பாட்டில் வேண்டாம், கடையில் விற்கும் சீல் வைத்த பொட்டலம், அதன் மேல் இரண்டு ஜிப் கவர், அதைச் சுற்றி ஒரு பழைய துண்டு. 200 கிராம் ஏழு ராத்திரிக்குத் தாராளம்.